இடைவெளி யாருக்குச் சொந்தம்? வலைப்பக்க கிரிட்டில் வரிசைக்கும் பத்திக்கும் நடுவே

ஒரு செய்தித் தளத்தின் முகப்பையோ துணிக்கடையின் ஆன்லைன் பக்கத்தையோ திறந்தால், கார்டுகள் எனப்படும் சிறு பெட்டிகள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். வரிசைக்கு மூன்றோ நான்கோ, அதற்குக் கீழே இன்னும் சில வரிசைகள். அந்தக் கார்டுகளுக்கு நடுவே விடும் வெற்றிடத்துக்கு இன்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) ஒரே வரி போதும்: 'கேப்: 24 பிக்சல்'. ஆனால் இந்த ஒரு வரி எல்லா முக்கிய பிரவுசர்களிலும் கிரிட் (வரிசையாகவும், மேலிருந்து கீழ் இறங்கும் பத்தியாகவும் பெட்டிகளை அடுக்கும் முறை), ஃபிளெக்ஸ்பாக்ஸ் (ஒரே திசையில் அடுக்கும் முறை) இரண்டுக்கும் வேலை செய்ய 2021 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை வலைப்பக்கம் கட்டுகிறவர்கள் இடைவெளியை வேறு எதிலிருந்தாவது கடன் வாங்கித்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏன் இவ்வளவு காலம்? என் பார்வையில் இது வெறும் தொழில்நுட்பக் கஷ்டம் இல்லை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் இடம் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சிஎஸ்எஸ் வெகுநாள் தடுமாறியது. அந்த இடத்தைப் பெட்டியின் தலையில் கட்டினால் என்ன ஆகும், பெட்டிகளை எல்லாம் உள்ளே வைத்திருக்கும் கன்டெய்னரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்ற வித்தியாசம் புரிந்துவிட்டால், 'கேப்' பற்றிய பாதிக் குழப்பம் தானே தீரும்.

1990களில் பக்கங்களை எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழி) டேபிளை வைத்துத்தான் கட்டினார்கள். டேபிளுக்கு 'செல்ஸ்பேசிங்' என்று ஒன்று இருந்தது. 1998இல் வந்த சிஎஸ்எஸ் 2 அதே வேலையை 'பார்டர்-ஸ்பேசிங்' என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. பக்கவாட்டுக்கு ஒன்று, மேல்-கீழுக்கு ஒன்று என இரண்டு அளவுகளைத் தனித்தனியாகக் கொடுக்கலாம். இங்கே இடைவெளி டேபிளின் பொறுப்பில் இருக்கிறது. எந்தச் செல்லும் தனக்கென்று தனியாகக் கேட்பதில்லை. அந்த வகையில் தொடக்கம் சரியாகவே இருந்தது. குறை என்னவென்றால், அந்த இடைவெளி செல்களுக்கு நடுவில் மட்டும் நிற்காமல் டேபிளின் நான்கு ஓரங்களிலும் வந்துவிடும். மேலே இருக்கும் தலைப்பும் முதல் செல்லும் இடது ஓரத்தில் ஒரே கோட்டில் நிற்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். 'பார்டர்-ஸ்பேசிங்'கில் முதலில் எழுதும் அளவு பக்கவாட்டுக்கு, அடுத்தது மேல்-கீழுக்கு. 'கேப்'பில் இது தலைகீழ். 'கேப்: 40 பிக்சல் 16 பிக்சல்' என்றால் வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே 40, பத்திக்கும் பத்திக்கும் நடுவே 16. 'ரோ-கேப்', 'காலம்-கேப்' இரண்டின் சுருக்கம்தான் 'கேப்' என்பதை நினைவில் வைத்தால் வரிசை முதலில் வருவது மறக்காது. ஒரே ஓர் எண் கொடுத்தால் இரண்டுக்கும் அதுவே.

டேபிளை விட்டு, பெட்டியை ஓர் ஓரமாக ஒதுக்கும் 'ஃபுளோட்'டுக்கு மாறியபோது இடைவெளியின் பொறுப்பு பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. வரிசைக்கு மூன்று கார்டு, ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம் 20 பிக்சல் மார்ஜின் (பெட்டிக்கு வெளியே விடும் இடம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கார்டுக்குப் பிறகும் அந்த 20 பிக்சல் வரும். அகலம் பற்றாமல் அந்தக் கார்டு கீழே இறங்கிவிடும். சரி, ஒவ்வொரு மூன்றாவது கார்டுக்கும் மார்ஜினை எடுத்துவிடு என்று ஒரு விதி எழுதுவார்கள். டேப்லெட்டில் வரிசைக்கு இரண்டு கார்டு என்றால் அந்த விதியை ரத்து செய்து, ஒவ்வொரு இரண்டாவது கார்டுக்கும் இன்னொரு விதி. நடுவில் யாராவது ஒரு விளம்பரப் பெட்டியைச் செருகினால் எண்ணிக்கை மாறி எல்லாம் கலைந்துவிடும்.

இந்தத் தொல்லையை, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி முன்கூட்டியே எழுதி வைத்த பொதுவான கட்டமைப்புகள் கணக்குப் போட்டுச் சமாளித்தன. நேத்தன் ஸ்மித் 2008இல் வெளியிட்ட 960 கிரிட் சிஸ்டத்தில் 12 பத்திகள். ஒவ்வொன்றும் 60 பிக்சல், அதன் இரு பக்கமும் 10 பிக்சல் மார்ஜின். ஆக 80 பெருக்கல் 12, சரியாக 960. அடுத்தடுத்த பத்திகளின் 10ம் 10ம் சேர்ந்து நடுவில் 20 பிக்சல் கிடைக்கும். 2013இல் வந்த பூட்ஸ்டிராப் 3 இதையே பேடிங் (பெட்டிக்கு உள்ளே ஓரத்தில் விடும் இடம்) வைத்துச் செய்தது: பத்தியின் இரு பக்கமும் 15, நடுவில் 30. இரண்டு ஓரத்திலும் மிஞ்சும் 15 பிக்சலை அழிக்க, வரிசைக்கு மைனஸ் 15 பிக்சல் மார்ஜின். அந்த வரிசையை அதற்கென்று உள்ள கன்டெய்னருக்கு வெளியே யாராவது வைத்துவிட்டால் பக்கம் 15 பிக்சல் வெளியே நீட்டிக்கொள்ளும். போனில் பக்கம் இடமும் வலமுமாக ஆடும். அந்த ஆட்டத்துக்குக் காரணம் தேடி மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் ஏராளம். 2021இல் வந்த பூட்ஸ்டிராப் 5இல் இடைவெளி 24 பிக்சலாகி, பக்கவாட்டுக்கும் மேல்-கீழுக்கும் தனித்தனி வகுப்புகள் கிடைத்தன. ஆனால் அதன் வழக்கமான கிரிட்டின் அடிப்படை இன்னும் அதே பேடிங்கும் மைனஸ் மார்ஜினும்தான்.

பெட்டிகளை எழுத்துகள் போல வரியில் நிறுத்தும் 'இன்லைன்-பிளாக்' வழியில் போனவர்களுக்கு வேறு வகைச் சங்கடம். எச்டிஎம்எல்லில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்கும் வெறும் ஸ்பேஸ்கூடத் திரையில் ஓர் எழுத்து இடைவெளியாக விழும். அதைப் போக்கக் குறிகளை இடைவெளியே இல்லாமல் ஒட்டி எழுதியவர்களும் உண்டு.

கல்யாணப் பந்தியில் இலைக்கும் இலைக்கும் எவ்வளவு இடம் என்பதை இலை முடிவு செய்வதில்லை. கூடம் எவ்வளவு நீளம், எத்தனை பேர் உட்கார வேண்டும் என்று பார்த்து, பந்தி போடுகிறவர் முடிவு செய்கிறார். மார்ஜின் என்பது ஒவ்வொரு இலையும் தன் இடத்தைத் தானே தூக்கிக்கொண்டு வருவது. 'கேப்' என்பது பந்தி போடுகிறவரின் முடிவு. முதல் இலைக்கு முன்னாலும் கடைசி இலைக்குப் பின்னாலும் எதுவும் இல்லை. நடுவில் மட்டும்தான் இடம். கார்டு எத்தனை வந்தாலும், எப்படி மடிந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. கார்டுக்குத் தான் எந்தப் பத்தியில் நிற்கிறோம் என்பதே தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் ஒரே கார்டை முகப்பிலும் தேடல் முடிவுப் பக்கத்திலும் ஒரு மாற்றமும் இல்லாமல் போட முடிகிறது.

கிரிட் வந்த உடனேயே 'கேப்' வந்துவிடவில்லை. முதலில் கிரிட்டைக் கொண்டுவந்தது மைக்ரோசாஃப்ட். 2012இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10இல் அதன் பழைய வடிவம் இருந்தது. அதில் இடைவெளிக்கென்று எதுவும் இல்லை. மூன்று பத்தி வேண்டுமென்றால் ஐந்து பத்தி போட வேண்டும்: ஒன்று, மூன்று, ஐந்தில் உள்ளடக்கம், இரண்டும் நான்கும் 20 பிக்சல் வெற்றுப் பத்திகள். ஒவ்வொரு கார்டையும் எந்தப் பத்தியில் வைப்பது என்று கையால் எழுத வேண்டும். இன்றைய கிரிட் 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 52, குரோம் 57, சஃபாரி 10.1 என ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வந்தது. ஒரு பெரிய வசதி இவ்வளவு சேர்ந்தாற்போல் வருவது அபூர்வம். எட்ஜ் அதே வருடம் அக்டோபரில் சேர்ந்துகொண்டது.

அப்போது அதன் பெயர் 'கிரிட்-கேப்'. இடைவெளி கிரிட்டுக்கு மட்டும் உரியதல்ல, ஃபிளெக்ஸ்பாக்ஸுக்கும் வேண்டும், செய்தித்தாள் போலப் பத்தி பிரிக்கும் மல்ட்டி-காலம் அமைப்பில் ஏற்கெனவே 'காலம்-கேப்' இருக்கிறது. அதனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக, முன்னொட்டை நீக்கி 'கேப்' என்று வைத்தார்கள். பழைய நிரல்கள் உடைந்துவிடாமல் 'கிரிட்-கேப்' இன்றும் அதே பொருளில் செல்லும். பழைய கட்டுரைகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். ஒரு சின்ன வேறுபாடு மட்டும் மிச்சம்: எதுவும் எழுதாமல் விட்டால் மல்ட்டி-காலமில் இடைவெளி எழுத்தின் அளவுக்கு, அதாவது 1 எம் ஆக இருக்கும், கிரிட்டிலும் ஃபிளெக்ஸிலும் பூஜ்யம்.

ஃபிளெக்ஸ்பாக்ஸில் 'கேப்' வந்த கதை இன்னும் நீளம். ஃபயர்பாக்ஸ் 2018 அக்டோபரில், குரோம் 2020 ஜூலையில், சஃபாரி 2021 ஏப்ரலில். நடுவில் இருந்த அந்த இரண்டரை வருடம் உண்மையிலேயே சிரமமானது. ஒரு வசதி பிரவுசரில் இருக்கிறதா என்று சிஎஸ்எஸ்ஸிலேயே கேட்டுப் பார்க்க 'சப்போர்ட்ஸ்' விதி உண்டு. ஆனால் 'கேப் தெரியுமா' என்று கேட்டால், கிரிட்டில் மட்டும் தெரிந்த பிரவுசரும் தெரியும் என்றுதான் சொல்லும். ஃபிளெக்ஸில் தெரியுமா என்று தனியாகக் கேட்க வழியே இல்லை. பெயரைப் பொதுவாக்கியதில் கிடைத்த பக்க விளைவு இது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். பெரும்பாலான பிழைகள் பிறப்பது இங்கேதான்.

கன்டெய்னர் 960 பிக்சல், மூன்று பத்தி, நடுவே 24 பிக்சல். பத்திக்கு 33.33 சதவீதம் என்று எழுதினால் ஒவ்வொன்றும் 320, மூன்றும் சேர்ந்தே 960 ஆகிவிட்டது. அதற்கு மேல் இரண்டு இடைவெளிகளுக்கு 48. மொத்தம் 1008, 48 பிக்சல் வெளியே வழியும். சதவீதத்துக்கு இடைவெளி இருப்பது தெரியாது. மிச்ச இடத்தைப் பங்கு போடும் 'எஃப்ஆர்' அலகு இப்படிச் செய்யாது: முதலில் 48ஐக் கழித்துவிட்டு, மிச்சம் 912ஐ மூன்றாகப் பிரித்து ஆளுக்கு 304 கொடுக்கும். ஒரு கார்டை இரண்டு பத்திக்கு விரித்தால் அது நடுவில் உள்ள இடைவெளியையும் விழுங்கிக்கொள்ளும்: 304, 24, 304 சேர்த்து 632. விரிந்த கார்டின் ஓரமும் கீழ் வரிசைக் கார்டின் ஓரமும் ஒரே கோட்டில் நிற்பது இதனால்தான்.

பத்தி எத்தனை என்பதை பிரவுசரே முடிவு செய்யட்டும் என்று 'ஆட்டோ-ஃபில்' போடுகிறோம் அல்லவா, அங்கே இடைவெளிக்கு ஓட்டுரிமையே உண்டு. கன்டெய்னர் 1000 பிக்சல், பத்தி குறைந்தது 240. நான்கு பத்தி 960தான், இடம் இருக்கிறது என்று தோன்றும். இடைவெளி 20 என்றால் மூன்று இடைவெளிக்கு 60 சேர்ந்து 1020 ஆகிறது, பற்றாது. மூன்று பத்தியாகி ஒவ்வொன்றும் 320 ஆகிவிடும். இடைவெளியை 10 ஆக்கினால் மொத்தம் 990, நான்கு பத்தி அடங்கி ஒவ்வொன்றும் 242.5 ஆகும். 'கொஞ்சம் நெருக்கமாக இருக்கட்டும்' என்று பத்து பிக்சல் குறைத்தவருக்குப் பக்கத்தின் வடிவமே மாறிப் போயிருக்கும். வடிவமைப்பாளர் கொடுத்த படத்தில் நான்கு கார்டும் பிரவுசரில் மூன்று கார்டும் வந்தால், முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

இடைவெளி தானாகச் சுருங்காது என்பதும் முக்கியம். கணினிக்கு என்று 12 பத்தி, 32 பிக்சல் இடைவெளி வைத்த கிரிட்டை அப்படியே 320 பிக்சல் அகல போனில் திறந்தால், 11 இடைவெளிகளுக்கு மட்டுமே 352 பிக்சல் வேண்டும். உள்ளே ஓர் எழுத்துகூட இல்லாமலே பக்கம் வெளியே வழிந்துவிடும். 'கிளாம்ப்' வைத்து, குறைந்தது 12, திரை அகலத்தில் 3 சதவீதம், அதிகம் 32 என்று எழுதுவது நல்ல வழி. போனில் பத்திகளின் எண்ணிக்கையையே குறைப்பது அதைவிட நல்ல வழி.

சதவீதத்தில் 'ரோ-கேப்' எழுதுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உயரம் முடிவாகாத கிரிட்டில், உயரத்தைக் கணக்கிடும்போது அந்தச் சதவீதத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, அடுக்கும்போது உண்மையான அளவைப் போடுவார்கள். 200 பிக்சல் உயர வரிசைகள் இரண்டு, 'ரோ-கேப்' 10 சதவீதம் என்றால், பெட்டி 400 உயரத்தில் நிற்க, உள்ளே இருப்பது 440 ஆகி அடியில் வழியும்.

மார்ஜினும் 'கேப்'பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் என்பது பலர் தடுக்கி விழும் இன்னோர் இடம். சாதாரணப் பக்கத்தில் ஒரு பாராவின் கீழ் மார்ஜினும் அடுத்த பாராவின் மேல் மார்ஜினும் ஒன்றுக்குள் ஒன்று மடங்கி, பெரியது மட்டும் நிற்கும். கிரிட்டின் நேரடிப் பிள்ளைகளுக்கு அந்த மடக்கம் கிடையாது. பாராவுக்கு பிரவுசர் தானே கொடுக்கும் 16 பிக்சல், 'கேப்' 24, அடுத்த பாராவின் 16 எல்லாம் சேர்ந்து 56 பிக்சல் விரிசல். 'கேப் வேலை செய்யவில்லை, அதிகமாகக் காட்டுகிறது' என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான் காரணம். கிரிட்டுக்குள் போகும் பாரா, தலைப்பு, பட்டியல் எல்லாவற்றின் மார்ஜினையும் பூஜ்யமாக்கிவிட்டு, இடைவெளியை 'கேப்'பிடம் மட்டும் விடுங்கள். இரண்டு பேர் ஒரே வேலையைப் பார்த்தால் கணக்கு உதைக்கத்தான் செய்யும். கன்டெய்னரில் 'ஸ்பேஸ்-பிட்வீன்' (மிச்ச இடத்தைப் பெட்டிகளுக்கு நடுவே பங்கிடும் விதி) இருந்து மிச்ச இடமும் இருந்தால் அதுவும் இடைவெளியைப் பெரிதாக்கும். அங்கே 'கேப்' என்பது குறைந்தபட்ச அளவு மட்டுமே.

இவ்வளவும் எந்திரத்தின் கணக்கு. கண்ணின் கணக்கு வேறு. 1923இல் ஜெர்மனியில் பணியாற்றிய உளவியலாளர் மேக்ஸ் வெர்தைமர், பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாகப் பார்க்கும் என்று புள்ளிகளை வைத்து விளக்கினார். கிரிட்டில் வரிசை இடைவெளியும் பத்தி இடைவெளியும் செய்வது இதைத்தான். பக்கவாட்டில் நெருக்கி மேல்-கீழ் தள்ளினால் கண் வரிசையாகப் படிக்கும். மேல்-கீழ் நெருக்கிப் பக்கவாட்டில் தள்ளினால் ஒவ்வொரு பத்தியாக இறங்கிப் படிக்கும். தேதி வாரியாகப் போகும் புகைப்படத் தொகுப்பில் இரண்டாவது நடந்தால், பார்ப்பவர் வரிசை மாறிப் படிப்பார்.

படமும் அதன் கீழே தலைப்பும் உள்ள கார்டுகளில் இதைவிடக் கூர்மையான பிரச்சினை உண்டு. படத்துக்கும் தலைப்புக்கும் நடுவே 12 பிக்சல், 'ரோ-கேப்'பும் 12 என்றால், தலைப்பு மேலே உள்ள படத்துக்குரியதா கீழே உள்ள படத்துக்குரியதா என்று கண் ஒரு கணம் தடுமாறும். கார்டுக்குச் சட்டம் இல்லாத வடிவமைப்பில் 'ரோ-கேப்' உள் இடைவெளியைப் போல் குறைந்தது இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரே எண்ணை இரண்டுக்கும் போடுவது சோம்பலில் வரும் பழக்கம். வெறும் படங்கள் மட்டும் உள்ள தொகுப்புக்கு அது சரி, எழுத்து உள்ள கார்டுக்குச் சரியில்லை.

தமிழ்ப் பக்கங்களில் இது இன்னும் கொஞ்சம் கவனம் கேட்கும். 'கூ', 'ழு' போன்றவை கீழே இறங்கும். 'கீ', 'ஞி' போன்றவற்றின் கொக்கி மேலே ஏறும். அதனால் வரி உயரத்தைத் தாராளமாக வைக்கிறோம். 16 பிக்சல் எழுத்துக்கு 1.7 என்றால் ஒரு வரி 27 பிக்சலைத் தாண்டும். எழுத்துக்கு மேலும் கீழும் ஐந்தாறு பிக்சல் காலியிடம் ஒட்டிக்கொள்ளும். சட்டமில்லாத கார்டின் அடியில் எழுத்து இருந்தால், நீங்கள் எழுதிய 24 பிக்சல் 'ரோ-கேப்' கண்ணுக்கு முப்பது போலத் தெரியும். பக்கவாட்டிலும் அப்படித்தான்: நம் சொற்கள் நீளம், வரி முடிவில் அடுத்த சொல் அடங்காமல் கீழே போய்விடும், வலது ஓரம் ஏறி இறங்கி நிற்கும். அந்தப் பள்ளங்கள் எல்லாம் பத்தி இடைவெளியோடு சேர்ந்துகொண்டு அதை அகலமாகக் காட்டும். ஆங்கிலச் சொற்களை நிரப்பி வடிவமைத்த வார்ப்பில் தமிழை ஊற்றியதும் 'ஏதோ தளர்வாக இருக்கிறது' என்று தோன்றுவது இதனால்தான். எண்ணை நம்பாமல் தமிழ் எழுத்தைப் போட்டுப் பார்த்துத்தான் 'கேப்'பை முடிவு செய்ய வேண்டும்.

நீளச் சொல் இன்னொரு வம்பையும் கொண்டுவரும். 360 பிக்சல் போனில் இரண்டு பத்தி, இரு ஓரத்திலும் 16, நடுவில் 16 என்றால் ஒரு பத்திக்கு 156 பிக்சல். அதில் 20 பிக்சல் எழுத்தில் 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று ஒரு சொல் வந்தால் அடங்காது. '1 எஃப்ஆர்' பத்தி தன்னுள் உள்ள மிக நீளமான சொல்லுக்குக் குறையாமல் நிற்கும். ஆகவே அந்தப் பத்தி வீங்கி, பக்கத்துப் பத்தி நசுங்கும், அல்லது பக்கமே வழியும். இடைவெளி அதே 16தான், அதன் மேல் தப்பில்லை. ஆனால் பலர் இதைப் பார்த்துவிட்டு 'கேப்'பைத்தான் வெட்டுவார்கள். பத்தியை 'மின்மேக்ஸ்'ஸில் 0 முதல் 1 எஃப்ஆர் என்று எழுதி, எழுத்துக்கு 'ஓவர்ஃபுளோ-ராப்: எனிவேர்' கொடுத்தால் சொல் மடிந்து பத்திகள் சமமாகும். போனில் தமிழ்த் தலைப்புகளுக்கு ஒரே பத்தி வைப்பது அதைவிட மரியாதை. சொல்லை நடுவில் உடைத்துப் படிக்க வைப்பது வாசகருக்குத் தொந்தரவு.

கிரிட்டுக்குள் கிரிட் வரும்போது உள்ளே இருப்பது வெளியே உள்ள கோடுகளையே பின்பற்ற 'சப்கிரிட்' இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் 2019இல் வந்தது, குரோமுக்கு 2023 செப்டம்பர் ஆனது. அது பெற்றோரின் இடைவெளியை அப்படியே எடுத்துக்கொள்ளும். வேண்டுமானால் உள்ளே மட்டும் வேறு அளவு வைக்கலாம். வெளியே 24, உள்ளே 8 என்றால், மிச்சமான 16ஐ இரண்டாகப் பிரித்து இரு பக்கப் பெட்டிகளுக்கும் எட்டு எட்டாகக் கொடுத்துவிடும். இடைவெளியின் நடுக்கோடு அசையாது.

இடைவெளி எந்தப் பெட்டிக்கும் சொந்தமில்லை என்பதற்கு ஒரு விலையும் உண்டு. அங்கே தொட்டால் எதுவும் நடக்காது. மெனுவில் ஒரு சொல்லிலிருந்து அதன் கீழ் விரியும் பட்டியலுக்கு மவுஸை இறக்கும்போது, நடுவே உள்ள 'கேப்'பைக் கடக்கையில் பட்டியல் மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பேடிங்தான் பொருத்தம், ஏனென்றால் அது பெட்டியின் உடம்பு. ஐகான்கள் நெருங்கி நிற்கும் இடத்திலோ நிலைமை மாறும், அங்கே இடைவெளியே காப்பு. 2023 அக்டோபரில் வெளியான அணுகல் வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.2, தொடும் பரப்பு குறைந்தது 24க்கு 24 பிக்சல் வேண்டும் என்கிறது. அதைவிடச் சிறியது என்றால், அதன் நடுவில் 24 பிக்சல் விட்டமுள்ள ஒரு வட்டம் வரைந்தால் அது பக்கத்துப் பொத்தான் மீதோ அதன் வட்டத்தின் மீதோ ஏறக் கூடாது. 16 பிக்சல் ஐகான்களுக்கு நடுவே 8 விட்டால் தேறும், 4 விட்டால் தேறாது. விரல் நடுங்கும் முதியவர் 'அழி' பொத்தானைத் தவறித் தொடுவதும் தொடாமல் இருப்பதும் இந்த நான்கு பிக்சலில் இருக்கிறது.

இன்னும் தீராமல் இருக்கும் ஒன்று, இடைவெளியில் கோடு போடுவது. மல்ட்டி-காலமில் பத்திகளுக்கு நடுவே கோடு இழுக்க 'காலம்-ரூல்' வெகுநாளாக உண்டு. கிரிட்டில் அது நெடுங்காலம் வேலை செய்ததில்லை. அதனால் கன்டெய்னருக்குச் சாம்பல் நிறம், கார்டுகளுக்கு வெள்ளை நிறம், 'கேப்' 1 பிக்சல் என்று வைத்து, பின்னால் உள்ள நிறத்தையே கோடாகக் காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். கடைசி வரிசையில் மூன்றுக்குப் பதில் இரண்டு கார்டு வந்தால், காலியான மூன்றாவது இடம் முழுக்கச் சாம்பல் கட்டியாக நிற்கும். இந்தக் கோடுகளைக் கிரிட்டுக்கும் ஃபிளெக்ஸுக்கும் நேரடியாகக் கொண்டுவரும் விதிமுறை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியில் வரைவாகி வருகிறது. வரிசைகளுக்கு நடுவே ஒரு வகைக் கோடு, பத்திகளுக்கு நடுவே வேறு வகை என்று தனித்தனியாகக் கொடுக்க அதில் வழி இருக்கிறது. எல்லா பிரவுசர்களிலும் அது வந்து சேரும்வரை, கடைசி வரிசை நிரம்புமா என்று தெரியாத பட்டியலில் அந்தச் சாம்பல் நிற உத்தியைத் தொடாமல் இருப்பது நல்லது.